ஒரு லோரி மண் போதுமா?

சனிக்கிழமை காலை. வரிசை வீடு ஒன்றின் வாசலில் மண்ணைக் கொட்டிவிட்டு லோரி கிளம்பிச் செல்கிறது. வீட்டின் பக்கவாட்டு நிலத்தில் காய்கறிப் பாத்திகள் அமைக்க வேண்டும், அவற்றின் ஓரமாகச் சரளைக்கல் பாதை போட வேண்டும் என்பது அக்குடும்பத்தின் நெடுநாள் ஆசை. “ஒரு லோரி மண் அனுப்புங்கள்” என்று தொலைபேசியில் சொன்னார்கள், மண் வந்துவிட்டது. நண்பகல்வரை அள்ளியும் குவியல் பாதிகூடக் குறையவில்லை. பிற்பகலில் இடியுடன் கனமழை கொட்டுகிறது. செந்நிற நீர் சாலையில் ஓடி, பக்கத்து வீட்டு வாசலைக் கடந்து, கால்வாயில் இறங்குகிறது. காசு கொடுத்து வாங்கிய மண்ணில் ஒரு பகுதி கால்வாயின் அடியில் சேறாகப் படிகிறது.

நம் குடியிருப்புப் பகுதிகளில் இக்காட்சி புதிதன்று. தோட்டம் அமைக்கும் ஆர்வம் பாராட்டத்தக்கது. ஆனால், மண், மணல், கல் ஆகியவற்றை மொத்தமாக வாங்குவதற்கு முன் சில கணக்குகளைப் போட்டுப் பார்க்க வேண்டும். அக்கணக்குகள் யாவும் நாம் பள்ளியில் கற்றவையே.

எவ்வளவு தேவை?

‘ஒரு லோரி’ என்பது அளவைக் குறிக்கும் சொல் அன்று. சிறிய லோரி ஒரு டன் ஏற்றும். பெரிய லோரி பத்து டன்னுக்கு மேலும் ஏற்றும். எனவே, தேவையைக் கன மீட்டரில் கணக்கிடுவதே சரியான வழி. நீளம், அகலம், தடிப்பு ஆகிய மூன்றையும் மீட்டரில் அளந்து பெருக்கினால் கன அளவு கிடைத்துவிடும். பலர் தவறுவது தடிப்பில்தான். 5 சென்டிமீட்டர் என்பதை 0.05 மீட்டர் என்று மாற்றிய பிறகே பெருக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். பாதையின் நீளம் 8 மீட்டர், அகலம் 1 மீட்டர். அதன்மேல் 5 சென்டிமீட்டர் தடிப்பில் சரளைக்கல் பரப்ப வேண்டும். 8 × 1 × 0.05 = 0.4 கன மீட்டர். அடுத்து, இரண்டு பாத்திகள். ஒவ்வொன்றும் 4 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், 25 சென்டிமீட்டர் உயரம் கொண்டது. ஒரு பாத்திக்கு 1.2 கன மீட்டர், இரண்டுக்கும் 2.4 கன மீட்டர்.

பாத்தியை மண்ணால் மட்டும் நிரப்பக் கூடாது. மேல்மண் மூன்று பங்கு, மக்கிய இயற்கை உரம் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு என்னும் 3:2:1 கலவை தோட்டக்கலையில் பரவலாகப் பின்பற்றப்படுகிறது. மொத்தம் ஆறு பங்கு என்பதால் ஒரு பங்கு 0.4 கன மீட்டர் ஆகும். அதன்படி மேல்மண் 1.2, உரம் 0.8, மணல் 0.4 கன மீட்டர் தேவைப்படும். உரம் பெரும்பாலும் பைகளில் விற்கப்படுகிறது. 0.8 கன மீட்டர் என்பது 800 லிட்டர். அதாவது 40 லிட்டர் பைகள் இருபது.

கொட்டிய மண் நாளடைவில் அமிழ்ந்து இறுகும். கல்லும் பரப்பும்போது கொஞ்சம் தரைக்குள் இறங்கும். ஆகவே, கணக்கிட்ட அளவைவிட ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுதலாக வாங்குவது நல்லது. நம் எடுத்துக்காட்டில் மேல்மண் 1.3, மணல் 0.45, சரளைக்கல் 0.45 கன மீட்டர் என ஏறக்குறைய 2.2 கன மீட்டர் பொருள் லோரியில் வர வேண்டும். 60 லிட்டர் கொள்ளும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் அதனை உள்ளே கொண்டு செல்ல 37 முறை நடக்க வேண்டும். இவ்வளவு வேலையை ஒரே காலையில் முடிக்க எத்தனை பேர் வேண்டும் என்பதையும் முன்பே முடிவு செய்துகொள்ளலாம்.

எடையா, கன அளவா?

சில விற்பனையாளர்கள் கன அளவில் விற்கிறார்கள்; சிலர் டன் கணக்கில் விற்கிறார்கள். ஒரு கன மீட்டர் உலர்ந்த மணல் ஏறத்தாழ 1.6 டன் எடை இருக்கும். சரளைக்கல் 1.5 டன் அளவில் இருக்கும். மேல்மண்ணின் எடை அதன் ஈரத்தையும் இறுக்கத்தையும் பொறுத்து மாறும், 1.3 டன் என்று வைத்துக்கொள்ளலாம். இதன்படி, நம் 2.2 கன மீட்டர் பொருளின் எடை ஏறத்தாழ 3 டன் ஆகும்.

ஈரம் இங்கே நம்மை ஏமாற்றக்கூடும். எடைக் கணக்கில் வாங்கும்போது மணலில் இருக்கும் நீருக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறோம். கன அளவில் வாங்கினால் வேறொரு சிக்கல் உண்டு. சற்றே ஈரமான மணல், உலர்ந்த மணலைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். மணல் துகள்களைச் சுற்றிப் படியும் மெல்லிய நீர்ப்படலம் அவற்றை நெருங்கவிடாமல் தள்ளி வைப்பதே இதற்குக் காரணம். நுண்மணலில் இந்த உப்பல் கால் பங்கு அளவைக்கூட எட்டும்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கண்ணாடிக் குவளை ஒன்றில் ஈரமணலை அழுத்தாமல் நிரப்பி, அதன் உயரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு, மணல் முழுவதும் மூழ்கும்வரை நீரூற்றிக் கிளறிவிட வேண்டும். மணல் அடங்கியதும் அதன் உயரம் குறைந்திருப்பதைக் காணலாம். குறைந்த அளவுதான் நாம் வாங்கிய வெற்றிடம்.

எந்த மண், எந்த மணல்?

பொருள் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக எதையும் வாங்கிவிடக் கூடாது. பள்ளத்தை நிரப்பப் பயன்படும் செம்மண் வேறு. செடி வளர்க்கப் பயன்படும் மேல்மண் வேறு. மேல்மண் கருமை கலந்த நிறத்தில், மக்கிய இலைதழைகளோடு பொலபொலவென்று இருக்கும். களிமண் மிகுந்த செம்மண் மழையில் குழைந்து, வெயிலில் பாறைபோல் இறுகிவிடும், வேர் இறங்காது. ஈரமான மண்ணைக் கைப்பிடிக்குள் இறுக்கிப் பார்த்தால் வேறுபாடு புரியும். நல்ல தோட்ட மண் உருண்டையாகும். விரலால் தொட்டதும் உதிரும். களிமண் உதிராமல் பிசைந்த மாவைப்போல் நிற்கும். நிரப்பு மண்ணில் சில வேளைகளில் உடைந்த செங்கல், கம்பி, நெகிழி போன்ற கட்டுமானக் கழிவுகளும் கலந்திருக்கும்.

மணலிலும் வகைகள் உண்டு. நம் நாட்டில் ஆற்று மணலோடு, பேராக், சிலாங்கூர் மாநிலங்களின் பழைய ஈயச் சுரங்க நிலங்களிலிருந்து எடுக்கப்படும் மணலும் விற்கப்படுகிறது. நீர் வடிய இது உதவும்; ஆனால், இதில் ஊட்டச்சத்து மிகக் குறைவு. கடல் மணலில் உள்ள உப்பு செடிகளுக்குத் தீங்கானது.

வாசலில் கொட்டுவதற்கு முன்

எங்கே கொட்டுவது என்பதை லோரி வருவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். கூடுமானவரை வீட்டு வேலிக்குள்ளேயே கொட்டச் சொல்ல வேண்டும். மேலே மின்கம்பி செல்லும் இடத்தில் லோரியின் பின்தொட்டியை உயர்த்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். கொட்டும்போது சிறுவர்கள் அருகில் நிற்கக் கூடாது. கழிவுநீர்த் தொட்டியின் மூடிமேல் பாரம் ஏற்றக் கூடாது. மண், மணல், கல் ஆகிய மூன்றையும் தனித்தனியே குவித்துத் தார்ப்பாயால் மூடி, ஓரங்களில் செங்கல் வைக்க வேண்டும்.

சாலையையோ கால்வாயையோ அடைத்து வைப்பது 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி குற்றமாகும். சட்டத்திற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கால்வாயில் படிந்த மண் நீரோட்டத்தைத் தடுக்கிறது. அடுத்த கனமழையில் நீர் பொங்கிச் சாலைக்கு வருகிறது. தாழ்வான பகுதியில் வசிக்கும் யாரோ ஒருவர் நடு இரவில் எழுந்து தம் வீட்டுப் பொருள்களை மேசைமேல் தூக்கி வைக்கிறார். நம் வாசலில் மூடாமல் விட்ட குவியலும் அந்த வெள்ளத்திற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

எங்கிருந்து வந்தது?

தீபகற்ப மலேசியாவில் மண்ணையும் மணலையும் தோண்டி வெளியே கொண்டு செல்ல, தேசிய நிலச் சட்டத்தொகுப்பின்கீழ் உரிமம் தேவை. உரிமமின்றி ஆற்றில் மணல் அள்ளும்போது ஆற்றின் அடித்தளம் ஆழமாகிறது, கரைகள் சரிகின்றன, நீர் கலங்கி மீனினங்கள் அழிகின்றன, பாலத்தின் தூண்களும் வலுவிழக்கின்றன. உலகம் ஆண்டுதோறும் 50 பில்லியன் டன் மணலையும் சரளைக்கல்லையும் பயன்படுத்துவதாக ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2022இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. நீருக்கு அடுத்தபடியாக மனிதன் மிகுதியாகப் பயன்படுத்தும் இயற்கை வளம் இதுவே. ஆகையால், “மணல் எங்கிருந்து வருகிறது?” என்று கேட்பதும் பற்றுச்சீட்டு பெறுவதும் வாங்குபவரின் கடமை.

அந்தக் குடும்பம் வெள்ளிக்கிழமை மாலையிலேயே ஓர் அளவுநாடாவை எடுத்திருந்தால், பத்து நிமிடத்தில் கணக்கு முடிந்திருக்கும். “மேல்மண் 1.3 கன மீட்டர், மணல் 0.45, சரளைக்கல் 0.45, வேலிக்குள் தனித்தனியாகக் கொட்ட வேண்டும்” என்று தெளிவாகச் சொல்லியிருப்பார்கள். பிற்பகல் மழை அப்போதும் வந்திருக்கும். ஆனால், அது பாத்தியில் இறங்கியிருக்கும். கால்வாயில் தெளிந்த நீர் ஓடியிருக்கும்.