எத்தனை நாள் உழைக்கும்?

வெயிலிலிருந்து எரிபொருள் – 9

சென்ற வாரம் 1912-ம் ஆண்டு நியூயார்க்கில் நிறுத்தியிருந்தோம். நிலக்கரி தீர்ந்துபோனாலும் நாகரிகம் தீர்ந்துவிடாது, வெயில் இருக்கிறது என்று இத்தாலிய வேதியியலாளர் ஜாகோமோ சமிச்சான் அங்கே பேசினார். அடுத்த அறுபது ஆண்டுகள் அந்தக் கனவு பெரும்பாலும் ஏட்டில்தான் கிடந்தது. 1972-ல் ஜப்பானின் அகிரா ஃபுஜிஷிமாவும் கெனிச்சி ஹோண்டாவும் நேச்சர் இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். டைட்டானியம் டை ஆக்சைடு மின்முனையைத் தண்ணீரில் வைத்து அதன்மீது ஒளி பாய்ச்சினால், தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிகிறது என்பதே அதன் சாரம். சுவருக்கு அடிக்கும் பெயின்ட்டில் வெண்மைக்காகச் சேர்க்கப்படும் அதே பொருள்தான் இது. ஆனால் அது புற ஊதாக் கதிரை மட்டுமே உறிஞ்சும். தரைக்கு வரும் வெயிலின் ஆற்றலில் புற ஊதாவின் பங்கு ஐந்து சதவீத அளவுதான். மீதி வெயில் வீணாகப் போகிறதே என்ற ஆதங்கம்தான் இந்தத் துறையை அரை நூற்றாண்டாக ஓட்டிவந்திருக்கிறது.

அந்த ஆதங்கம் நியாயமானது. ஆனால் அது ஒரு பழக்கத்தையும் உண்டாக்கிவிட்டது: எல்லாவற்றையும் சதவீதத்தால் அளப்பது. 1998-ல் அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தில் ஜான் டர்னரும் ஆஸ்கர் காசெலெவும் வெயிலின் ஆற்றலில் 12.4 சதவீதத்தை ஹைட்ரஜனாக மாற்றிக் காட்டினார்கள். 2016-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் குவித்த ஒளியைக் கொண்டு 30 சதவீதத்தைத் தொட்டார்கள். இரண்டும் பெரிய சாதனைகள். கூடவே இருந்த இன்னொரு எண்ணைத்தான் பலரும் கவனிக்கவில்லை. டர்னரின் கருவியில் 20 மணி நேரச் சோதனைக்குள்ளேயே மின்னோட்டம் சரியத் தொடங்கியது. ஸ்டான்ஃபோர்டு கருவி ஓடியது 48 மணி நேரம். வீட்டு மாடியில் பொருத்தும் சோலார் பேனலுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் கேட்கிறோம். எரிபொருள் செய்யும் கருவியிடம் மட்டும் அந்தக் கேள்வியை ஏன் கேட்பதில்லை? இந்த ஆராய்ச்சியை எடைபோட வேண்டிய முதல் அளவுகோல் ஆயுள். செயல்திறன் அதற்கு அடுத்தது. இந்த வாரம் நான் முன்வைக்கும் வாதம் இதுதான். கணக்கு எளிது. 10 சதவீதம் தந்து இரண்டே நாளில் சாகும் கருவியைவிட, ஒரு சதவீதம் தந்து ஓராண்டு உழைக்கும் கருவி பதினெட்டு மடங்கு அதிக எரிபொருள் தரும்.

கருவி ஏன் சாகிறது என்பதில்தான் இந்தத் துறையின் உண்மையான சிக்கல் இருக்கிறது. ஒளி பட்டதும் செமிகண்டக்டருக்குள் எலெக்ட்ரான் ஒன்று துள்ளி எழுகிறது. அது விட்டுப்போன இடம் நேர்மின் துளையாகிறது. தண்ணீரிலிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்கி ஆக்சிஜனை விடுவிப்பது அந்தத் துளை. அவ்வளவு மூர்க்கமான ஒன்று தண்ணீரை மட்டும் தாக்கிவிட்டு, தான் பிறந்த பொருளைச் சும்மா விடுமா? தண்ணீரைப் பிளக்கும் வேதிவினையே கருவியையும் அரிக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியை நன்றாக உறிஞ்சும் பொருள்களில் பல தண்ணீரில் சீக்கிரம் அரிபடுகின்றன. டைட்டானியம் டை ஆக்சைடு போல அரிபடாதவை, வெயிலில் பெரும்பகுதியை உறிஞ்சுவதில்லை.

இலைக்கும் இதே தொல்லை உண்டு. வயலில் நிற்கும் பயிர், தன்மீது விழும் வெயிலில் ஒரு சதவீத அளவைத்தான் பொதுவாக உடலாக மாற்றிக்கொள்கிறது. தண்ணீரைப் பிளக்கும் அதன் புரத அமைப்பில் டி1 என்ற புரதம் ஓயாமல் சிதைகிறது. கடும் வெயிலில் அரை மணிக்கு ஒருமுறைகூட அதைக் கழற்றிப் புதிதாக மாட்டுகிறது செடி. கோடிக்கணக்கான ஆண்டுகளாக இலை நிலைத்து நிற்பது இந்தப் பழுதுபார்ப்பினால்தான். 2008-ல் எம்ஐடியில் டேனியல் நொசேராவும் மேத்யூ கானனும் கண்டறிந்த கோபால்ட் வினையூக்கி முக்கியமாவதும் இதனால்தான். வேலை செய்யும்போது கரைந்துபோகும் கோபால்ட், பாஸ்பேட் கரைசலிலிருந்து மறுபடி வந்து தானே படிந்துகொள்கிறது. இலையிடமிருந்து மனிதன் கற்ற மிகச் சரியான பாடம் இது.

இனி, செய்திகளில் அதிகம் பேசப்படாத ஒரு சோதனைக்கு வருவோம். டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கசுனாரி டோமென் குழு 2021-ல் நேச்சர் இதழில் வெளியிட்டது. கால் மீட்டர் நீளம், கால் மீட்டர் அகலம் உள்ள தட்டுகள் 1,600. மொத்தம் 100 சதுர மீட்டர். ஒவ்வொன்றிலும் அலுமினியம் கலந்த ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் தூள் பூசிய தகடு, மேலே கண்ணாடி, நடுவே மெல்லிய ஏடாகத் தண்ணீர். வெயில் பட்டால் குமிழி கிளம்புகிறது. வருவது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த, ஒரு பொறி பட்டால் வெடிக்கும் வாயு. அதைச் சவ்வு வழியாகச் செலுத்தி ஹைட்ரஜனின் பெரும்பகுதியைப் பிரித்தெடுத்தார்கள். வேண்டுமென்றே வாயுவைப் பற்றவைத்தும் பார்த்தார்கள், அமைப்பு தாங்கியது. திறந்தவெளியில் மாதக்கணக்கில் ஓடியது. உச்சச் செயல்திறன் 0.76 சதவீதம். 30 சதவீதச் சாதனையைவிட இந்த முக்கால் சதவீதம் நமக்கு அதிகம் கற்றுத்தந்தது என்று உறுதியாகச் சொல்வேன். மழை, வெயில், வெடி அபாயம், வாயுப் பிரிப்பு என்று ஆய்வகத்துக்குள் எழாத கேள்விகளை அது நேருக்கு நேர் சந்தித்தது.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும்: 0.76 சதவீதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நியாயமான கேள்வி, கணக்குப் போட்டே பார்ப்போம். நல்ல வெயில் நாளில் ஒரு சதுர மீட்டரில் விழுவது சுமார் 5 யூனிட் ஆற்றல். ஒரு கிலோ ஹைட்ரஜனில் அடங்கியிருப்பது சுமார் 33 யூனிட். இந்தச் செயல்திறனில் நாளுக்கு ஒரு கிலோ எடுக்க ஏறத்தாழ 870 சதுர மீட்டர், அதாவது இருபத்தொன்றரை சென்ட் நிலம் வேண்டும். இது கட்டுப்படியாகாது. செயல்திறன் 10 சதவீதமானால் ஒன்றரை சென்ட்டுக்குச் சற்று அதிகமான இடம் போதும். ஆகவே செயல்திறன் வேண்டாம் என்பது என் வாதமல்ல. வரிசையை மாற்றச் சொல்கிறேன். டோமென் குழுவின் வினையூக்கி, புற ஊதாவின் ஒரு பகுதியில் உறிஞ்சிய ஒளியை ஏறக்குறைய முழுவதுமாகவே பயன்படுத்துகிறது என்று 2020-லேயே நிரூபணமாகிவிட்டது. மிச்சமிருக்கும் வேலை, அந்தத் திறமையைக் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் கொண்டுபோவது. உழைக்கும் பொருளைக் கெட்டிக்காரப் பொருளாக்குவது, கெட்டிக்காரப் பொருளுக்கு ஆயுள் கொடுப்பதைவிட எளிதாக இருக்கலாம்.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. சோலார் பேனலில் மின்சாரம் எடுத்து, அதைத் தண்ணீரை மின்சாரத்தால் பிரிக்கும் எலெக்ட்ரோலைசருக்குக் கொடுத்தால் இன்றைக்கே ஹைட்ரஜன் கிடைக்கிறதே? ஆம், கிடைக்கிறது. பேனலின் 20 சதவீதமும் எலெக்ட்ரோலைசரின் 70 சதவீதமும் பெருகி 14 சதவீதம் வரும். இன்று ஆலை கட்டுவதானால் இந்த வழிதான் சரி. ஆனால் பேனலை மட்டும் நம்பும் விலையுயர்ந்த எலெக்ட்ரோலைசர் இரவெல்லாம் சும்மா நிற்கும். 2013-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் போட்ட மதிப்பீடு ஒன்றில், பிளாஸ்டிக் பைகளில் வினையூக்கித் துகள் மிதக்கும் எளிய முறையில் கிலோ ஹைட்ரஜன் 1.60 டாலருக்கும், பேனல் வடிவக் கருவியில் 10.40 டாலருக்கும் வந்தது. அந்த மலிவு விலை ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: துகள்கள் 10 சதவீதச் செயல்திறனோடு ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டும். கடைசியில் கேள்வி மீண்டும் ஆயுளிடம்தான் வந்து நிற்கிறது.

மின்சாரமே போதுமே, எரிபொருள் எதற்கு என்பது மூன்றாவது மறுப்பு. காருக்கும் வீட்டுக்கும் மின்சாரமே போதும். ஆனால் விமான எரிபொருளின் ஒரு கிலோவில் சுமார் 12 யூனிட் இருக்கிறது. லித்தியம் பேட்டரியின் ஒரு கிலோவில் கால் யூனிட் அளவுதான். கண்டம் தாண்டும் விமானத்தைப் பேட்டரியில் ஓட்ட முடியாது. அதனால்தான் சூரிக்கின் ஈடிஹெச் பல்கலைக்கழகத்தில் ஆல்டோ ஸ்டைன்ஃபெல்ட் குழு வேறு வழியில் போனது. மாட்ரிட் அருகே மோஸ்டோலெஸில் 169 கண்ணாடிகள் வெயிலை ஒரு கோபுரத்தின் மீது குவிக்கின்றன. ஏறத்தாழ 1,500 டிகிரி சூட்டில் சீரியம் ஆக்சைடு ஆக்சிஜனை இழக்கிறது. பிறகு நீராவியிலிருந்தும் கார்பன் டை ஆக்சைடிலிருந்தும் அதைத் திரும்பப் பிடுங்கிக்கொள்கிறது. மிஞ்சும் வாயுக் கலவையிலிருந்து மண்ணெண்ணெய் தயாராகிறது. 2022-ல் வெளியான முடிவின்படி, வெயிலை அந்தக் கலவையாக்கியதில் செயல்திறன் 4.1 சதவீதம். இங்கும் இனிமேல் கேட்க வேண்டியது, சூடேறி ஆறும் சுற்றுகளை அந்தப் பொருள் எத்தனை ஆயிரம் முறை தாங்கும் என்பதையே.

பொதுப்பணத்தில் நடக்கும் ஆய்வுகள் ஒவ்வொரு சதவீதத்தோடும் எத்தனை மணி நேரம் என்பதையும் அதே அளவு எழுத்தில் அறிவிக்க வேண்டும். நீண்ட காலச் சோதனைகள் விருதுக்கு உதவாத அலுப்பான வேலைகள். அவற்றுக்கென்றே நிதி ஒதுக்க வேண்டும். வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். வெயிலிலிருந்து எரிபொருள் எடுத்துவிட்டார்கள் என்ற செய்தியை அடுத்த முறை படிக்கும்போது, சதவீதத்தைத் தாண்டி ஒரு வரி தேடுங்கள்: அந்தக் கருவி எத்தனை நாள் உழைத்தது? அந்த வரி இல்லையென்றால், செய்தி இன்னும் முழுமையாகவில்லை.

(தொடரும்)