திருவிருந்து மேசையும் ஒப்புரவும்

தென்னாப்பிரிக்க டச்சு சீர்திருத்தச் சபையின் பேரவை 1857இல் ஒரு தீர்மானம் போட்டது. எல்லாரும் ஒன்றாகக் கூடுவதே வேதத்துக்கு ஏற்றது என்று ஒப்புக்கொண்டுவிட்டு, சிலருடைய பலவீனத்தை முன்னிட்டுத் தனித்தனியே கூடலாம் என்றது. பலவீனர் என்றது வெள்ளையரைத்தான்! 1881இல் கலப்பினத்தவருக்கெனத் தனிச் சபையே உருவானது. இனவெறியைப் பாடநூல் வைத்தா கற்றார்கள்? அப்பா யாரோடு அப்பம் பிட்கிறார், யாரோடு பிட்பதில்லை என்று பார்த்தே பிள்ளைகள் கற்றார்கள். வடக்கன்குளம் கோவிலின் நடுச்சுவரை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிரிக்கப்பட்ட அந்தச் சபைதான் 1982இல் பெல்ஹாரில் ஒரு விசுவாச அறிக்கையை வரைந்து, 1986இல் ஏற்றது. அடிபட்டவர் மன்னித்துவிட்டுப் போவதே ஒப்புரவு என்றுதான் நாம் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். பெல்ஹார் அறிக்கையோ ஒருமை, ஒப்புரவு, நீதி மூன்றையும் சேர்த்தே பேசியது. அநீதிக்கு ஆளானோர் பக்கம் கடவுள் நிற்கிறார், சபையும் அங்கேதான் நிற்க வேண்டும் என்றது. கூடவே ஒரு கடிதத்தையும் இணைத்தார்கள்: முதல் கல்லை எறியும் தகுதி தங்களுக்கும் இல்லை என்று.

1994இல் அச்சபை கறுப்பினச் சபையின் பெரும்பகுதியோடு இணைந்தது. வெள்ளையர் சபையோடு ஒன்றிப்பு இன்னும் கைகூடவில்லை. பெல்ஹாரைத் தங்கள் அறிக்கையாக ஏற்க அங்கே பலர் தயங்குகிறார்கள்.