ஃப்ரீமேசன் சங்கத்தில் கத்தோலிக்கர் சேரலாமா? வாடிகன் சொல்வது என்ன?

பிலிப்பைன்ஸின் துமாகெத்தே மறைமாவட்டத்தில் ஃப்ரீமேசன் சங்கத்தில் சேரும் கத்தோலிக்கர்கள் அதிகரித்தனர். என்ன செய்வது என்று ஆயர் வாடிகனிடம் கேட்டார். 2023 நவம்பரில், போப் பிரான்சிஸ் ஒப்புதலுடன் பதில் வந்தது: சேரக் கூடாது.

இது புதுத் தடையா?

இல்லை. 1738-லேயே போப் 12-ம் கிளமென்ட் தடை போட்டுவிட்டார். 1917-ம் ஆண்டு திருச்சபைச் சட்டப்படி, சேர்ந்தாலே சபை நீக்கம்தான்.

அப்போ குழப்பம் எங்கே வந்தது?

1983-ல் வந்த புதிய சட்டத்தில் ஃப்ரீமேசன் என்ற பெயரே இல்லை. 'தடை போயிடுச்சு' என்று நினைத்தவர்கள் உண்டு. ஆனால், அது அமலுக்கு வருவதற்கு முந்தைய நாளே வாடிகன் தெளிவுபடுத்தியது: சேருபவர்கள் கனமான பாவத்தில் இருக்கிறார்கள், நற்கருணை வாங்கக் கூடாது. உள்ளூர் ஆயர்களும் இதைத் தளர்த்த முடியாது.

நல்ல காரியம்தானே செய்யுறாங்க, என்ன தப்பு?

சிக்கல் தொண்டில் இல்லை, கொள்கையில்தான். 'ஏதோ ஒரு பரம்பொருளை நம்பினால் போதும், எந்த மதமானாலும் சரி' என்பது ஃப்ரீமேசன் வழி. கிறிஸ்துவே மீட்பின் வழி என்பது திருச்சபையின் நம்பிக்கை. இரண்டும் ஒத்துப்போகாது என்கிறது வாடிகன்.

ஏற்கெனவே சேர்ந்தவர்கள்?

சங்கத்தை விட்டு விலகி, பாவசங்கீர்த்தனம் செய்தால் மீண்டும் நற்கருணை வாங்கலாம்.