வழிப்பயணத்தில் கைப்பேசி தொலைந்தால்

கன்னடியன் கால்வாயின் கரையில் உடைப்பு எடுத்துவிட்டால் நம் விவசாயிகள் முதலில் என்ன செய்வார்கள்? உடைந்த இடத்தில் மண் கொட்டுவதற்கு முன்பே அணைக்கட்டுக்கு ஆள் அனுப்பித் தலைமதகை அடைக்கச் செய்வார்கள். நீர்வரத்து நின்ற பிறகே உடைப்பை அடைப்பார்கள். எத்தனை ஏக்கர் வாழை சாய்ந்தது என்ற கணக்கெல்லாம் அதன் பின்னர்தான். தாமிரபரணிப் பாசனத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த முறையை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் வெளியூர் சென்ற இடத்தில் கைப்பேசி தொலைந்துவிட்டால், இதே மக்கள் தலைமதகை மறந்து உடைப்பையே பார்த்துக்கொண்டு நிற்கின்றனர். அந்தத் தலைமதகு எது, அதை அடைப்பது எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு படிப்பினை

சில காலத்திற்கு முன் எமது வட்டாரத்துப் பஞ்சாயத்து உறுப்பினர் ஒருவர் குடும்பத்துடன் திருச்செந்தூர் சென்றார். பேருந்து நெரிசலில் சட்டைப் பையிலிருந்த கைப்பேசி போயிற்று. எட்டாயிரம் ரூபாய்ப் பொருள் போயிற்றே என்று வருந்தினார். ஆயினும், வந்த காரியம் முடியட்டும் என்று கடலாடித் தரிசனம் செய்து மாலையில் ஊர் திரும்பினார். அதற்குள் அவருடைய வாட்ஸ்அப் கணக்கிலிருந்து உறவினர் பலருக்கு, "ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், அவசரமாகப் பணம் அனுப்பவும்" என்ற செய்தி சென்றிருந்தது. அவருடைய மைத்துனர் ஐயாயிரம் ரூபாய் அனுப்பியும் விட்டார்.

எட்டாயிரம் ரூபாய்ப் பொருளைப் பறிகொடுத்தது ஒரு நஷ்டமே. ஆனால் பெரிய நஷ்டம், அதன்பின் சென்ற அரை நாளில் வந்தது. அந்த அரை நாளில் அவர் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

தலைமதகு எது?

இன்று வங்கிக் கணக்கு, ஆதார், குடும்ப அட்டை, பி.எம். கிசான் உதவித்தொகை, எரிவாயு இணைப்பு ஆகிய யாவும் ஒரு கைப்பேசி எண்ணுடன் பிணைக்கப்பட்டுள்ளன. இவற்றில் எதை மாற்ற வேண்டுமானாலும் ஒருமுறை மட்டும் செல்லும் கடவு எண், அதாவது ஓ.டி.பி., அந்த எண்ணுக்கே குறுஞ்செய்தியாக வருகிறது. ஆகவே நம் உடைமைகளைத் திறக்கும் சாவி, கைப்பேசி என்னும் கருவியைக் காட்டிலும் அதற்குள் இருக்கும் நகத்தளவு சிம் அட்டையே ஆகும்.

"என் கைப்பேசிக்குப் பூட்டு இருக்கிறது; திருடனால் திறக்க முடியாது" என்று சிலர் ஆறுதல் கொள்கின்றனர். பூட்டு இருப்பது நல்லதே. ஆனால் திருடன் சிம் அட்டையைக் கழற்றி வேறொரு கருவியில் செருகினால் ஓ.டி.பி. அங்கே வந்துவிடும். சில கைப்பேசிகளில் பூட்டியிருக்கும் திரையின் மேலேயே குறுஞ்செய்தி தோன்றிவிடுகிறது. "எங்களுடையது பொத்தான் கைப்பேசிதானே" என்று கூறும் விவசாயிகளுக்கும் இது பொருந்தும். அதிலுள்ள எண்ணும் வங்கிக் கணக்கோடு இணைந்த எண்ணே அன்றோ?

கைப்பேசியின் உறைக்குள் ஏ.டி.எம். அட்டையையும் ஆதார் நகலையும் செருகி வைக்கும் பழக்கம் நம் கிராமங்களில் பரவியிருக்கிறது. இது மிகவும் அபாயகரமானது. வேறொரு கருவியில் பணப்பரிமாற்றச் செயலியைப் பதிவு செய்து புதிய ரகசிய எண் அமைப்பதற்குப் பெரும்பாலும் வேண்டியவை சிம் அட்டையும், ஏ.டி.எம். அட்டையின் கடைசி ஆறு இலக்கங்களும், அதன் காலாவதி மாதமும் ஆண்டுமே. உறைக்குள் அட்டையை வைப்பவர் இவை அனைத்தையும் ஒரே பொட்டலமாகக் கட்டித் திருடன் கையில் கொடுத்தவர் ஆகிறார்.

முதல் ஒரு மணி நேரம்

கைப்பேசி தொலைந்தது என்று தெரிந்தவுடன் அருகிலிருப்பவரிடம் ஒரு கைப்பேசியை இரவல் வாங்குக. தம் எண்ணுக்கு ஒருமுறை அழைத்துப் பார்க்கலாம். நல்லவர் எவரேனும் எடுத்து வைத்திருக்கலாம். பதில் இல்லையேல் தேடி அலைந்து நேரம் போக்காமல் கீழ்க்கண்ட வரிசையில் செயல்படுக.

முதலாவது, சிம் அட்டையை முடக்குதல். பி.எஸ்.என்.எல்., ஜியோ, ஏர்டெல் முதலிய எந்த நிறுவனத்தின் எண்ணாயினும், அதன் வாடிக்கையாளர் சேவையை அழைத்து எண்ணை உடனே நிறுத்தி வைக்கச் சொல்லுக. இதுவே தலைமதகு.

இரண்டாவது, வங்கிக்குத் தெரிவித்தல். கணக்கிலிருந்து பணம் வெளியேறாதபடி ஏ.டி.எம். அட்டை, இணைய வங்கி, யு.பி.ஐ. மூன்றையும் நிறுத்தச் சொல்லுக. தெரிவித்த நேரத்தையும் அவர்கள் தரும் புகார் எண்ணையும் தாளில் குறித்துக்கொள்ளுக. இக்குறிப்பு வெறும் சடங்கன்று. 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வகுத்த நெறிமுறை என்ன கூறுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கணக்குதாரரின் அஜாக்கிரதையால் விளைந்த நஷ்டம், அவர் வங்கிக்குத் தெரிவிக்கும் வரையில் அவரையே சாரும். தெரிவித்த பின் நேரும் நஷ்டத்தை வங்கி ஏற்க வேண்டும். ஆகவே அந்த ஒரு அழைப்பு, நஷ்டம் யாருடையது என்பதையே தீர்மானிக்கிறது.

பணம் ஏற்கெனவே போய்விட்டதாகத் தெரிந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். இணையவழிப் பண மோசடிகளுக்கென நாடு முழுவதற்கும் உள்ள உதவி எண் இது. பணம் கைமாறிக் கைமாறி வெளியேறுவதற்குள் அதனைத் தடுத்து நிறுத்த முயல்வதே இதன் பணியாகையால், இங்கும் நிமிடங்களே முக்கியம்.

மூன்றாவது, வீட்டாருக்கும் நெருங்கியவர்களுக்கும் செய்தி சொல்லுதல். "என் எண்ணிலிருந்து பணம் கேட்டு எந்தச் செய்தி வந்தாலும் நம்ப வேண்டாம்" என்ற ஒரு வாக்கியம் போதும். சிம் அட்டையை முடக்கினாலும் வேறு இணைய இணைப்பின் வாயிலாக வாட்ஸ்அப் தொலைந்த கருவியில் தொடர்ந்து இயங்கக்கூடும். மாற்று சிம் பெற்று வேறு கைப்பேசியில் வாட்ஸ்அப்பைப் பதிவு செய்தால் பழைய கருவியில் அது நின்றுவிடும்.

ஆண்ட்ராய்டு கைப்பேசியாயின், வேறொரு கருவியில் தம் கூகுள் கணக்கைத் திறந்து, தொலைந்த சாதனத்தைத் தேடும் சேவையின் மூலம் அதனைப் பூட்டவோ, உள்ளிருப்பவற்றை அழிக்கவோ இயலும். அந்தக் கைப்பேசி இணையத்தோடு இணைந்திருக்க வேண்டும் என்பது இதன் நிபந்தனை. அழித்துவிட்டால் அதன்பின் இருப்பிடம் அறிய முடியாது என்பதையும் நினைவிற் கொள்க.

காவல் நிலையமும் சஞ்சார் சாத்தியும்

இவற்றை முடித்த பின்னர் காவல் நிலையத்தில் புகார் அளித்து, அதற்குரிய சி.எஸ்.ஆர். ரசீதைப் பெற வேண்டும். நெல்லை எக்ஸ்பிரஸ் போன்ற ரயிலில் செல்லும்போது தொலைந்தால் 139 என்ற ரயில்வே உதவி எண்ணிலும் தெரிவிக்கலாம்.

ஒவ்வொரு கைப்பேசிக்கும் ஐ.எம்.இ.ஐ. எனப்படும் 15 இலக்க எண் ஒன்று உண்டு. வாகனத்திற்கு இயந்திர எண் போன்றது இது. இரண்டு சிம் கொண்ட கருவிக்கு இத்தகைய எண்கள் இரண்டு இருக்கும். மத்திய தொலைத்தொடர்புத் துறை 2023 மே மாதத்தில் நாடு முழுவதற்கும் திறந்துவைத்த 'சஞ்சார் சாத்தி' இணையதளத்தில், காவல்துறைப் புகாரின் நகலுடன் இந்த எண்ணைப் பதிவு செய்தால், அக்கருவி இந்தியாவில் எந்த நிறுவனத்தின் சிம் அட்டையைக் கொண்டும் இயங்காதவாறு முடக்கப்படும். எவரேனும் அதில் வேறு சிம் அட்டையைப் போட்டுப் பயன்படுத்த முயன்றால் அச்செய்தி காவல்துறைக்குத் தெரியவரும். நம் மாவட்டக் காவல்துறையினர் இவ்வாறு மீட்ட கைப்பேசிகளை உரியவர்களிடம் ஒப்படைப்பதைச் செய்தித்தாள்களில் அவ்வப்போது காண்கிறோம். கிடைத்த பிறகு அதே தளத்தில் முடக்கத்தை நீக்கிக்கொள்ளலாம்.

பழைய எண்ணிலேயே மாற்று சிம் பெறுவதற்கு அடையாளச் சான்றுடன் நிறுவனத்தின் நிலையத்திற்கு நேரிற் செல்ல வேண்டும். மாற்று சிம் பெற்ற முதல் 24 மணி நேரத்திற்குக் குறுஞ்செய்தி வசதி நிறுத்தி வைக்கப்படும். அதுபோன்றே, 2024 ஜூலை 1 முதல், சிம் மாற்றிய ஏழு நாட்களுக்குள் எண்ணை வேறு நிறுவனத்திற்கு மாற்ற இயலாது. பிறர் நம் பெயரில் போலியாக சிம் பெற்று மோசடி செய்வதைத் தடுப்பதற்கே இவ்விதிகள்; எனவே ஓ.டி.பி. வரவில்லையே என்று கலங்க வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை: "உங்கள் கைப்பேசி கிடைத்துவிட்டது, வந்திருக்கும் ஓ.டி.பி. எண்ணைச் சொல்லுங்கள்" என்று யார் கேட்டாலும் சொல்லலாகாது. பொருளைத் திருப்பித் தருவதற்கு உங்கள் ரகசிய எண் எவருக்கும் தேவையில்லை.

புறப்படுவதற்கு முன்

ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குச் செல்லும் குடும்பங்கள் அரிசி, பருப்பு, பாத்திரம் முதல் தீப்பெட்டி வரை கணக்கெடுத்துக் கட்டுகின்றன. பாபநாசத்தில் நீராடச் செல்வோர் மாற்றுத் துணி எடுத்துக்கொள்ள மறப்பதில்லை. அந்தக் கட்டுச்சோற்றோடு ஒரு துண்டுத் தாளையும் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

அத்தாளில் எழுத வேண்டியவை நான்கு: சிம் நிறுவனத்தின் சேவை எண், வங்கியின் அவசர எண், வீட்டார் இருவரின் எண்கள், கைப்பேசியின் ஐ.எம்.இ.ஐ. எண். கைப்பேசியில் *#06# என்று அழுத்தினால் இந்த எண் திரையில் தோன்றும். வாங்கிய பெட்டியிலும் அச்சிடப்பட்டிருக்கும். மகன் எண்ணைக்கூட மனப்பாடமாக அறியாதவராக நாம் ஆகிவிட்டோம் என்பது கைப்பேசி தொலைந்த பிறகே தெரிகிறது. இத்தாள் கைப்பேசி உறைக்குள் இருத்தல் ஆகாது. மடியிலோ, உடன் வருபவரிடமோ இருக்கட்டும். ரகசிய எண்களை இதில் எழுதவே கூடாது.

மேலும், சிம் அட்டைக்கே தனியாக ஒரு பூட்டெண் அமைக்கலாம். அவ்வாறு செய்தால், சிம் அட்டையை வேறு கருவியில் செருகினாலும் அவ்வெண் இல்லாமல் இயங்காது. மூன்று முறை தவறாக அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். பிறகு நிறுவனம் தரும் வேறொரு எண்ணால்தான் திறக்கலாம். எனவே தொடக்க எண் எது என்று நிறுவனத்திடம் கேட்டறிந்தே இதைச் செய்ய வேண்டும். பூட்டிய திரையில் குறுஞ்செய்தி தோன்றாதபடி அமைப்பதும், வாட்ஸ்அப்பில் ஆறு இலக்க இரண்டாம் பூட்டு இடுவதும் வீட்டிலுள்ள படித்த பிள்ளைகள் சில நிமிடங்களில் செய்து தரக்கூடியவை.

பஞ்சாயத்து உறுப்பினர்களின் தனிப் பொறுப்பு

விவசாயி தம் கைப்பேசியைத் தொலைத்தால் தம் விவரங்களைத் தொலைக்கிறார். பஞ்சாயத்து உறுப்பினர் தொலைத்தால் ஊராரின் விவரங்களையும் சேர்த்துத் தொலைக்கிறார். வீட்டு வசதி, முதியோர் உதவித்தொகை, ஊரக வேலை முதலியவற்றிற்காக மக்கள் தரும் ஆதார் நகலும் வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கமும் படங்களாக அவர் கையில் தங்கிவிடுகின்றன. விண்ணப்பம் சென்று சேர்ந்த அன்றே அப்படங்களை நீக்கிவிடுதல் முறை. தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. அதன்பின் 2023ஆம் ஆண்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டது. சட்டத்தின் சொற்கள் ஒருபுறம் இருக்க, நம்பித் தந்த பொருளைக் காப்பது நம் ஊர்வழக்கமே அன்றோ?

திருச்செந்தூர் சென்ற உறுப்பினரின் கைப்பேசியிலும் அறுபதுக்கு மேற்பட்ட பெண்களின் ஆதார், வங்கிப் புத்தகப் படங்கள் இருந்தன. அன்றிரவு எம்மிடம் வந்த அவர், "இதை ஊரில் சொன்னால் என் பெயர் என்ன ஆகும், சார்?" என்று கேட்டார். சொல்லாவிட்டால் அந்தப் பெண்களின் பணம் என்ன ஆகும் என்று நாம் திருப்பிக் கேட்டோம். மறுநாள் காலை அவர் வீடு வீடாகச் சென்று நடந்ததைச் சொன்னார். சிலர் கோபித்துக்கொண்டனர். விருப்பமுள்ளவர்கள் தம் ஆதார் கைரேகைப் பதிவைப் பூட்டிக்கொள்ள உதவியும் செய்தார்.

அடுத்த வாரமே அப்பெண்களில் இருவருக்கு, வங்கி அதிகாரி எனச் சொல்லிக்கொண்டு அழைப்பு வந்தது. பெயரையும் கணக்கு எண்ணையும் அழைத்தவன் சரியாகச் சொன்னான். முன்னரே விஷயம் அறிந்திருந்த இருவரும் ஓ.டி.பி. எண்ணைச் சொல்ல மறுத்து அழைப்பைத் துண்டித்தனர். கோபித்துக்கொண்டவர்களும் பின்னர் அவரைக் குறை கூறவில்லை.

பொருள் தொலைவது எவருக்கும் நேரக்கூடியது. அதில் வெட்கப்பட ஏதுமில்லை. வெட்கத்தால் வாய் மூடியிருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு நாம் தரும் தவணையாகும். உறுப்பினர்கள் அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இந்த வரிசையை மக்களுக்கு எடுத்துரைத்து, நான்கு எண்கள் கொண்ட அந்தத் தாளை அங்கேயே எழுதச் செய்வார்களாயின், அடுத்த திருவிழாக் கூட்டத்தில் ஒரு கைப்பேசி தொலைந்தாலும் ஒரு குடும்பத்தின் சேமிப்பு தொலையாது.