வாடகை இடமும் சொந்த விலாசமும்

தம் பெயரில் ஓர் இணையதளம் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை இன்று பலருக்கும் இருக்கிறது. கதை எழுதுகிறவர், படம் வரைகிறவர், வேலை தேடும் பட்டதாரி, ஊர் வரலாறு தொகுக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர் எல்லோருக்கும் இந்த ஆசை உண்டு. "அதற்கு இஞ்சினீயர் படிப்பு வேண்டாமா? பணம் நிறையச் செலவாகாதா?" என்று தயங்குகிறார்கள். இரண்டும் வேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதும் கொஞ்சம் பொறுமையும் போதும். ஆனால் எது நம்முடையது, எது இரவல் என்ற தெளிவு மட்டும் அவசியம் வேண்டும். அந்தத் தெளிவு இல்லாதவர்கள் வருஷக் கணக்கில் சேர்த்ததை ஒரே நாளில் இழந்திருக்கிறார்கள்.

அணைக்காதீர்கள்!

உலகின் முதல் இணையதளம் பிறந்த இடம் ஜினீவா நகரத்துக்கு அருகிலுள்ள செர்ன் என்னும் அணு ஆராய்ச்சி நிலையம். அதை உருவாக்கியவர் டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர். 1991ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அது வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது. அந்தத் தளம் குடியிருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டரில். யாராவது தெரியாமல் சுவிட்சை அணைத்துவிட்டால் தளமே மறைந்துவிடும்! ஆகவே, இது சர்வர், இதை அணைக்காதீர்கள் என்று சிவப்பு மையால் எழுதி அதன் மேல் ஒட்டியிருந்தார்கள்.

இணையதளம் என்பதன் ரகசியம் முழுவதும் இந்தச் சீட்டில் அடங்கியிருக்கிறது. எழுத்தும் படமும் கொண்ட சில கோப்புகள். இரவும் பகலும் அணையாத ஒரு யந்திரம். அதைத் தேடி வர ஒரு விலாசம். இவ்வளவுதான். நம் வீட்டுக் கம்ப்யூட்டரையே அப்படி வைத்துக்கொள்ளலாம். ஆனால் மின்சாரம் போகும். இணைப்பு அறுந்து போகும். அதனால் அணையாத யந்திரத்தில் சிறிது இடத்தை வாடகைக்குப் பிடிப்பதே உத்தமம்.

மேகம் எங்கே இருக்கிறது?

இப்படி வாடகைக்குக் கிடைக்கும் யந்திரங்களுக்குத்தான் 'கிளவுட்', அதாவது மேகம், என்று பெயர். கம்ப்யூட்டர் இணைப்புகளைப் படமாகப் போடும் இஞ்சினீயர்கள், விவரம் காட்டத் தேவையில்லாத பகுதியை மேகம் போல் வரைந்து விட்டுவிடுவது வழக்கம். அந்தப் படத்திலிருந்து வந்த பெயர் இது. உண்மையில் வானத்தில் ஒன்றும் இல்லை. ஆயிரக் கணக்கான யந்திரங்களை அடுக்கி, குளிரூட்டி, ஜெனரேட்டரும் வைத்துக் காவல் காக்கும் கட்டடங்களே அவை. அமேசான் நிறுவனம் 2006 மார்ச்சில் 'எஸ்-3' என்ற சேமிப்பு வசதியை வாடகைக்கு விடத் தொடங்கிய பின் இந்தத் தொழில் பெருகிற்று.

தளம் எழுப்பும் முறை

முதலில் பக்கங்களைத் தயார் செய்ய வேண்டும். இவை எச்.டி.எம்.எல். என்ற எளிய குறிமுறையில் எழுதப்படுபவை. எழுத அலுப்பாயிருந்தால் ஹியூகோ, ஜெக்கில் போன்ற இலவசக் கருவிகள் உண்டு. சாதாரணமாக எழுதிக் கொடுத்தால் அவையே பக்கமாக மாற்றித் தரும். தமிழில் எழுதுபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. பக்கத்தின் தலைப்பகுதியில், எழுத்துமுறை 'யு.டி.எஃப்-8' என்று ஒரு வரி குறிப்பிட வேண்டும். இல்லாவிட்டால் நம் தமிழ், சில திரைகளில் புரியாத கிறுக்கலாகத் தெரியக்கூடும்.

அடுத்து இடம். கிட்ஹப், நெட்லிஃபை, கிளவுட்ஃப்ளேர் ஆகிய நிறுவனங்கள் சிறிய தளங்களுக்குக் காசு வாங்காமலே இடம் தருகின்றன. கிட்ஹப்பை எடுத்துக்கொள்வோம். அங்கே ஒரு கணக்குத் தொடங்கி, 'ரெப்பாசிட்டரி' எனப்படும் கிடங்கு ஒன்றைத் திறந்து, கோப்புகளை ஏற்றி, அமைப்புப் பகுதியில் 'பேஜஸ்' என்பதை இயக்கினால் சில நிமிஷங்களில் தளம் உலகுக்குத் தெரியும். பிறகு ஒரு வரியைத் திருத்தி அனுப்பினாலும் போதும். தளம் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். 'கிட்' என்ற ஏற்பாடு பழைய பிரதிகளையும் பத்திரப்படுத்துவதால், இன்று கெடுத்ததை நேற்றைய நிலைக்குத் திருப்பவும் முடியும். ஒரு தளத்துக்கு 1 ஜிகாபைட் வரை இடம் உண்டு. கட்டுரைகளுக்கும் அளவான படங்களுக்கும் இது தாராளம்.

மூன்றாவது பெயர். இடம் கொடுத்தவர்கள் தங்கள் பெயரோடு சேர்த்து ஒரு விலாசம் இலவசமாகவே தருவார்கள். அதோடு நிற்காமல் நமக்கென்று 'டொமைன்' பெயர் ஒன்றைப் பதிவு செய்துகொள்வது நல்லது. வருஷத்துக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை ஆகும். .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று தமிழ் எழுத்திலேயே முடியும் விலாசங்கள்கூட இருக்கின்றன என்பதை அறிந்தால் நேயர்கள் மகிழ்வார்கள். இந்தப் பெயருக்கு உரியவர் எந்த யந்திரத்தில் இருக்கிறார் என்று சொல்லும் அட்டவணைக்கு டி.என்.எஸ். என்று பெயர். 1983ல் பால் மாக்கபெட்ரிஸ் வகுத்த ஏற்பாடு அது. அதில் ஓரிரு வரிகளை எழுதினால் பெயரும் இடமும் இணைந்துவிடும். விலாசத்தோடு வரும் பாதுகாப்புப் பூட்டுக்கும் இப்போது செலவில்லை. 'லெட்ஸ் என்கிரிப்ட்' என்ற லாப நோக்கமற்ற அமைப்பு 2015லிருந்து அதை இலவசமாக வழங்குகிறது.

காலி செய்யச் சொன்னால்?

இலவசமாகவே விலாசம் கிடைக்கும்போது பெயருக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்று கேட்கலாம். ஜியோசிட்டீஸ் கதையைக் கேட்டால் விடை தெரியும்.

அமெரிக்காவில் 1994ல் தொடங்கிய நிறுவனம் அது. சினிமாப் பிரியர்களுக்கு 'ஹாலிவுட்', கம்ப்யூட்டர் பிரியர்களுக்கு 'சிலிக்கான் வேலி' என்று வட்டாரம் பிரித்து, கதவு எண் போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் இலவசமாக மனை கொடுத்தது. லட்சக் கணக்கானவர்கள் குடியேறினார்கள். 1999ல் யாஹூ நிறுவனம் அதை வாங்கியது. பத்தே வருஷம், 2009 அக்டோபர் 26ஆம் தேதி கதவை மூடிவிட்டது. தொண்டர் குழுவினர் சிலர் இரவு பகலாக உழைத்துப் பெரும் பகுதியைப் பிரதி எடுத்தார்கள். ஆனாலும் இலவசமாகக் கிடைத்த பழைய விலாசங்கள் செத்துப் போயின. நண்பர்கள் குறித்து வைத்திருந்த விலாசத்தில் யாரும் இல்லை!

சொந்தப் பெயர் வைத்திருப்பவருக்கு இந்தக் கஷ்டம் இல்லை. இடக்காரர் காலி செய்யச் சொன்னால் கோப்புகளை வேறு இடத்தில் ஏற்றி, டி.என்.எஸ். அட்டவணையில் வரியை மாற்றிவிடுவார். வாசகர்களுக்கு வீடு மாறியதே தெரியாது.

தீ கற்பித்த பாடம்

பணம் கொடுத்துப் பிடித்த இடமும் முழுக் காப்பு அல்ல. பிரான்ஸ் நாட்டில் ஸ்ட்ராஸ்பர்க் நகரிலுள்ள ஓ.வி.எச். நிறுவனத்தின் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று 2021 மார்ச் 10ஆம் தேதி பற்றியெரிந்தது. நல்ல வேளையாக உயிர்ச்சேதம் இல்லை. லட்சக் கணக்கான தளங்கள் நின்றுபோயின. வாடிக்கையாளர் சிலர் மாற்றுப் பிரதிக்கென்றே தனியாகப் பணம் கட்டியிருந்தார்கள். அந்தப் பிரதியும் அதே கட்டடத்தில் இருந்ததால் சேர்ந்து சாம்பலாயிற்று. வழக்கு நடந்து, 2023ல் நஷ்ட ஈடு தரும்படி தீர்ப்பாயிற்று. தீர்ப்பு வந்தது; போன கோப்பு வரவில்லை. ஆகவே, தளம் எங்கே இருந்தாலும் முழுப் பிரதி ஒன்று நம் வீட்டு டிஸ்க்கில் இருக்க வேண்டும்.

ஜாக்கிரதை!

இன்னும் சில எச்சரிக்கைகள். பெரிய மேக நிறுவனங்கள் சில, கார்டு எண்ணை வாங்கிக்கொண்டு உபயோகத்துக்கு ஏற்ப பில் அனுப்பும். செலவு இவ்வளவைத் தாண்டினால் தெரிவிக்கும்படி முதல் நாளே எச்சரிக்கை அமைத்துவிடுங்கள். கடவுச்சொல்லையும் ரகசியச் சாவிகளையும் எல்லோரும் பார்க்கும் கிடங்கில் போட்டுவிடாதீர்கள். அவற்றைத் தேடித் திருடுவதற்கென்றே தானியங்கி நிரல்கள் அலைகின்றன. தளம் அமைத்துக் கொடுக்கும் தம்பி எவ்வளவு நல்லவராயிருந்தாலும், டொமைன் பதிவு உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் இருக்கட்டும். புதுப்பிக்க வேண்டிய தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள். தவறவிட்ட பெயரை மற்றவர் எடுத்துக்கொண்டால், திரும்பப் பெறுவது பெரும்பாடு.

வாடகை வீட்டில் குடியிருப்பது யாருக்கும் இழுக்கல்ல. பத்திரம் நம் பெயரில் இருந்து, பெட்டியும் நம் கையில் இருந்தால், எந்த வீட்டுக்காரர் என்ன சொன்னாலும் அடுத்த தெருவில் விளக்கேற்றிக்கொள்ளலாம்.