தரவு அலுவலகத்தில், டேஷ்போர்டு கிளவுடில்: இணைப்பது எப்படி?

ஒரு நிறுவனத்தின் பத்தாண்டு விற்பனைக் கணக்கு அதன் சொந்த சர்வரில், ஆரக்கிளிலோ எஸ்க்யூஎல் சர்வரிலோ, கோடிக்கணக்கான வரிசைகளாகக் கிடக்கிறது. நிர்வாகம் அதைச் செல்போனில் டேஷ்போர்டாகப் பார்க்க விரும்புகிறது. பவர் பிஐ போன்ற பகுப்பாய்வுச் சேவை ஓடுவதோ மைக்ரோசாஃப்டின் கிளவுடில். இணைக்கச் சொன்னதுமே எழும் பயம்: நம் தரவுத்தளத்தை இணையத்துக்குத் திறந்துவிட வேண்டுமா?

வேண்டாம். அலுவலக நெட்வொர்க்குக்குள் ஒரு விண்டோஸ் கணினியில் கேட்வே என்ற மென்பொருளை நிறுவினால் போதும். அது உள்ளிருந்து வெளியே தொடர்புகொண்டு, அஸூர் ரிலே வழியாகத் தனக்கு வரும் கேள்விகளை வாங்கி, தரவுத்தளத்திடம் கேட்டு, விடையைத் திருப்பி அனுப்புகிறது. வெளியாள் உள்ளே வர ஃபயர்வாலில் ஒரு போர்ட்கூடத் திறப்பதில்லை. தரவுத்தளத்தின் கடவுச்சொல் குறியாக்கம் செய்யப்பட்டே கிளவுடில் இருக்கும். அதைப் பிரித்துப் படிப்பது கேட்வே கணினியில் மட்டும்தான்.

ஆகவே பாதுகாப்பைவிடப் பெரிய தலைவலி தரவின் அளவுதான். தரவை டேஷ்போர்டுக்குக் கொண்டுவர இரண்டு வழிகள் உண்டு. இம்போர்ட் முறையில் தரவின் நகல் சுருக்கப்பட்டு கிளவுடில் ஏறுகிறது. ரிப்போர்ட் மின்னல் வேகத்தில் திறக்கும். ஆனால் பவர் பிஐயின் ப்ரோ உரிமத்தில் ஒரு மாடல், அதாவது இப்படி ஏற்றிய தரவுத் தொகுப்பு, 1 ஜிபியைத் தாண்டக் கூடாது, நாளுக்கு 8 முறைதான் தானியங்கிப் புதுப்பிப்பு, ஒவ்வொன்றும் 2 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். டைரக்ட்குவெரி முறையில் நகலே கிடையாது. ஒவ்வொரு சொடுக்குக்கும் கேள்வி நேராக மூலத் தரவுத்தளத்துக்குப் போகிறது. கேட்க அழகாக இருக்கிறது. ஒரு பக்கத்தில் 10 வரைபடங்கள் இருந்து, 50 பேர் ஒரே நேரத்தில் திறந்தால், சுமார் 500 கேள்விகள் அதே சர்வரில் போய் விழும். பில் போட்டுக்கொண்டிருக்கும் கவுன்டரும் அந்த சர்வரைத்தான் நம்பியிருக்கிறது. நொடிக்கு நொடி மாறும் தகவல் உண்மையிலேயே தேவைப்படாதவர்கள் டைரக்ட்குவெரி பக்கம் போகாமல் இருப்பதே நல்லது என்பேன்.

பெரிய தரவுத்தளங்களுக்குக் கைகொடுப்பது படிப்படியான புதுப்பிப்பு. அட்டவணையைத் தேதிவாரியாகப் பிரித்து, கடைசிப் பத்து நாள்களை மட்டும் மறுபடி எடுக்கலாம். பழைய ஆண்டுகளைத் தொட வேண்டியதில்லை. இதில் பலரும் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. தேதி வடிகட்டல் தரவுத்தளத்திலேயே நடக்க வேண்டும். பவர் பிஐயில் தரவைத் தயார்செய்யும் பகுதியான பவர் குவெரியில் நாம் எழுதும் படிகள் எஸ்க்யூஎல் கட்டளையாக மாறி மூலத்துக்குப் போனால்தான் அது நடக்கும். இடையில் அப்படி மாற்ற முடியாத ஒரு படி புகுந்துவிட்டால், அத்தனை வரிசைகளும் கேட்வேக்கு வந்து சேர்ந்து, அதன் பிறகே வடிகட்டப்படும். பத்து நாள் கேட்டவருக்குப் பத்தாண்டையும் சுமந்து வருகிறது கேட்வே. புதுப்பிப்பு நேரம் குறையவே இல்லை என்று புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

மாடலைச் சிறிதாக்க அடுத்த வழி, அட்டவணையின் பத்திகளை (காலம்களை) குறைப்பது. பவர் பிஐ தரவைப் பத்தி பத்தியாகச் சுருக்குகிறது. ஒரு பத்தியில் வெவ்வேறு மதிப்புகள் கூடக்கூடச் சுருங்கும் திறன் குறையும். நொடிவரை பதிவான தேதி-நேரப் பத்தியில் கிட்டத்தட்ட ஒவ்வொரு வரிசையிலும் புது மதிப்பு இருக்கும். தேதியைத் தனியாக, நேரத்தைத் தனியாகப் பிரித்தாலே மாடல் கணிசமாக இளைக்கும். யாரும் பார்க்காத பில் எண்ணை ஏற்றாமல் விட்டால் இன்னும் இளைக்கும்.

கேட்வேயை யாருடைய லேப்டாப்பிலும் நிறுவக் கூடாது. மூடினால் இணைப்பு போயிற்று. தரவுத்தளத்துக்கு அருகிலேயே, எப்போதும் ஓடும் கணினி வேண்டும். ஒன்று படுத்தால் இன்னொன்று தாங்கும்படி இரண்டாவது கேட்வேயையும் நிறுவி, இரண்டையும் ஒரே குழுவாக (க்ளஸ்டராக) சேர்க்கலாம். நிறுவும்போது உருவாக்கும் மீட்புச் சாவியை நிறுவியவர் தம்மிடமே வைத்துக்கொள்ளாமல் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். கேட்வேயை வேறு கணினிக்கு மாற்றும்போது அந்தச் சாவியைத்தான் கேட்கும். அது தொலைந்திருந்தால் புது கேட்வே நிறுவி, இணைப்புகளை ஒவ்வொன்றாக மறுபடி அமைக்க வேண்டியதுதான்.