ஓட்டுபவரும் பின்னிருப்பவரும் உரையாட

ஈச்சிலம்பற்றிலிருந்து மூதூர், கிண்ணியா வழியாகத் திருகோணமலைக்குச் செல்வோர், முன்னாளில் துறைகளில் படகுப்பாதைக்குக் காத்திருந்தனர். பேசிக்கொள்ள அவகாசம் இருந்தது. 2009ஆம் ஆண்டில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. ஏனைய துறைகளிலும் பாலங்கள் எழுந்தன. இன்று மோட்டார் சைக்கிள் நில்லாது ஓடுகின்றது. பின்னிருப்பவர் கூறுவது காற்றிரைச்சலிற் கேளாமையால், ஓட்டுபவர் தலையைத் திருப்புகின்றார். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில், ஒரு விநாடியில் வண்டி ஏறத்தாழ 14 மீற்றர் கடந்துவிடும். அந்த விநாடியைக் காப்பதே தலைக்கவசத்திற் பொருத்தும் இன்டர்கொம் கருவியின் பயன்.

வாங்குவோர் பலர், அது எத்தனை கிலோமீற்றர் எட்டும் என்றே வினவுவர். ஓர் இருக்கையில் அமர்ந்த இருவருக்குத் தூரம் எதற்கு? பல வண்டிகள் கூட்டமாகச் செல்லும்போதே 'மெஷ்' முறை பெரிதும் உதவும். இருவருக்குப் புளூடூத் போதும்.

ஆராய வேண்டியவை வேறு. ஒலிவாங்கிக்குக் காற்றைத் தடுக்கும் பஞ்சுறை வேண்டும். முகம் மூடிய கவசத்துக்குச் சிறு கம்பி ஒலிவாங்கியும், முகம் திறந்த கவசத்துக்குத் தண்டுடைய ஒலிவாங்கியும் பொருந்தும். ஒலிபெருக்கி செவித்துளைக்கு நேராக அமைதல் வேண்டும். கண்ணாற் காணாமலே விரல் அறியத்தக்க பொத்தான்கள் நன்று. மாரிமழைக்கு நீர் புகாத உறுதியும், போய்வரும் நேரத்துக்கு மின்கல வலுவும் தேவை. இரு கருவிகளும் ஒரே நிறுவனத்தனவாயின் இணைப்பு எளிதாகும்.

ஒலியை மிகக் கூட்டற்க. பின்வரும் பேருந்தின் ஹோர்னும் செவிக்கு எட்ட வேண்டும். வளைவிலும் சந்தியிலும் பேச்சை நிறுத்துக.